ஆறு பாட்டு, அறுபதாயிரம் ரூபா: காசை எதில போடுறது?

ஆறுபாட்டு
சினிமாவோட ஒட்டாத தமிழ் ராப் தொகுப்பு ஒண்டு. ஆறு பாட்டு, எல்லாம் சேர்த்து 18 நிமிசம். வரி எழுதி முடிஞ்சுது. இடம் வெள்ளவத்தை, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில மூண்டாம் மாடி அறை. லப்டொப் இருக்கு, இன்டர்ஃபேஸ் (மைக்கை லப்டொப்போட இணைக்கிற பெட்டி) இரவல். கையில 60,000 ரூபா. மைக், அறை, பீட் (வரிக்குப் பின்னால ஓடுற இசை), மிக்ஸிங் (குரலையும் பீட்டையும் சேர்த்துச் சரிபண்ணுறது), வீடியோ, வெளியீடு, எதுக்கு எவ்வளவு? வீடியோ இல்லாட்டி ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம் எண்டு கொஞ்சப் பேர் சொல்லுகினம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

தும்புமெத்தை
தம்பி, முதல் குரல். சினிமாப் பாட்டில முப்பது வயலின் வந்து பாடகரைத் தூக்கி விடும். இதில ட்ரம், பேஸ், ஒரு சின்ன லூப் (திரும்பத் திரும்ப ஓடுற இசைத் துண்டு), மிச்சம் முழுக்க வாய்தான். சொல்லு விளங்காட்டிக் கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லை.

கண்டென்சர் மைக் (சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற ஸ்டூடியோ வகை) உங்கட இடத்துக்குச் சரிவராது. ஒரு பக்கம் பஸ் ஹோன், மற்றப் பக்கம் கரையோர ரயில். எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வரும். அதோட கடற்காத்தின்ர ஈரம் கப்சூலில (மைக்குக்குள்ள சத்தம் பிடிக்கிற பகுதி) ஏறினா 'பட் பட்' எண்டு வெடிக்கத் தொடங்கும். டைனமிக் (மேடையில பாவிக்கிற வகை) எடுங்கோ. ஷூர் எஸ்எம்58 காணும். அதுக்குப் போலி கனக்க ஓடுது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போறதெண்டா தராசு கொண்டு போங்கோ. அசல் 298 கிராம். கையில எடுக்கவே பாரம் குறைஞ்சு இருந்தா விட்டிட்டு வாங்கோ.

டைனமிக்கின்ர குறை, சத்தத்தைக் கனக்கத் தூக்க வேணும். கெய்ன் குமிழைக் கடைசிவரை திருப்பினா மலிவான இன்டர்ஃபேஸ் எல்லாம் 'உஸ்' எண்டு இரையும். அதுக்கு மருந்து வாயைக் கிட்டக் கொண்டு போறது. நாலு விரல் இடைவெளி, நடுவில பொப் ஃபில்டர் ('ப' சொல்லேக்க அடிக்கிற மூச்சைத் தடுக்கிற வலை). கிட்டப் போனா அடிக்குரல் வீங்கும். அதை 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டி, 200 சுத்தி 2, 3 டெசிபெல் குறைச்சாச் சரியாகும்.

அறை. முட்டை மட்டை ஒட்டிறது சும்மா வேலை. ஒரு அங்குல ஸ்பொஞ்சும் 'ஸ்ஸ்' சத்தத்தை மட்டும் தின்னும், அடியில உள்ளது அப்பிடியே நிக்கும், கடைசியில குரல் பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்து வரும். தடிப்பு வேணும். பழைய தும்பு மெத்தை ஒண்டை நட்டுக்கு நிறுத்துங்கோ. எங்க நிறுத்துறது எண்டதிலதான் எல்லாரும் பிழை விடுகினம். மைக்குக்குப் பின்னால இல்லை, பாடுற ஆளின்ர முதுகுக்குப் பின்னால. இந்த மைக் முன்னுக்கு வாறதைத்தான் கேக்கும். வாயில இருந்து போன சத்தம் சுவரில பட்டு உங்கட தோளுக்கு மேலால திரும்பி வந்து மைக்கின்ர முகத்திலதான் விழும். அறையின்ர நடுவிலயும் நிக்க வேண்டாம், மூலைக்குள்ளயும் வேண்டாம்.

பதிவு 24 பிட், 48,000 ஹேர்ட்ஸ். ஆகச் சத்தமாக் கத்துற வரியில சத்த மீற்றர் −10 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கோ. பிரிட்ஜை நிப்பாட்டுங்கோ, ஃபானையும் நிப்பாட்டுங்கோ. ஃபான் இல்லாமல் 20 நிமிசத்துக்கு மேல ஒருத்தராலும் நிண்டு பிடிக்கேலாது, அதால 20 நிமிசம் எடுத்து, வியர்வை துடைச்சு, திரும்ப எடுக்கிறது. சித்திரை மாசம் எண்டா குயிலுக்கு ஒண்டும் செய்யேலாது.

கொட்டாஞ்சேனை13
அண்ணே, குறுக்க பேசுறேன்னு நினைக்காதீங்க. யாரு இப்ப மெத்தை நிமித்தி வைச்சு எடுத்ததைக் கேக்கிறாங்க? ஃபோன்ல முப்பது செக்கன் வீடியோ, அதுல முகம் பிடிச்சா முழுப் பாட்டுக்குப் போவாங்க. 40,000 வீடியோக்கு, மிச்சம் மத்ததுக்கு.

தும்புமெத்தை
முப்பது செக்கன் துண்டுக்கு ஃபோன் கமரா காணும் எண்டு நீங்களே சொல்லிப் போட்டியள். பிறகேன் 40,000?

கடதாசி
வீடியோவா மெத்தையா எண்டு அடிபட முதல், பீட் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் வேணும். ஆறு பாட்டுக்கும் இணையத்தில் பீட் எடுக்கிற திட்டம் என்றால் கணக்கு இப்படி வரும். எம்பி3 லீஸ் (பீட்டைப் பாவிக்க வாங்கும் அனுமதி, கோப்பு சுருக்கினது) மலிவு, வேவ் லீஸ் (சுருக்காத கோப்பு) அதற்கு மேல், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக வரும் ட்ராக்அவுட் இன்னும் மேல், 'இனி வேறொருவருக்கும் விற்க மாட்டேன்' என்கிற எக்ஸ்க்ளூசிவ் நம்ம கைக்கு எட்டாது. வேவ் லீஸ் 30 டொலர் என்று வைத்தால் ஆறுக்கு 180 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 54,000. உங்கள் பணம் அதோடு சரி.

அதனால் ஆறை நாலாக்குங்க. இரண்டு பீட் லீஸ், இரண்டு பீட் இங்கே கொழும்பில் பீட் செய்கிற ஒருவரோடு பங்குக்கு. பங்கு என்றால் வாய்ப்பேச்சு இல்லை. ஒரு பக்கக் கடதாசி, பாட்டின் பெயர், யார் வரி, யார் இசை, நூற்றுக்கு எத்தனை, கையொப்பம், திகதி. சிநேகிதர் என்பதால் எழுதாமல் விட்டது, பாட்டு ஓடத் தொடங்கின நாளன்று பகையாகும். ஓடாத பாட்டுக்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

லீஸில் வாசிக்க வேண்டிய வரிகள் மூன்று. எத்தனை ஸ்ட்ரீம் வரை அனுமதி. எத்தனை வருடம். கன்டென்ட் ஐடியில் (ஒரே இசை வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் முறை) பதிய விடுவார்களா. மூன்றாவதுதான் ஆளை விழுத்துவது. எக்ஸ்க்ளூசிவ் இல்லாத பீட்டை ஐம்பது பேர் வாங்கியிருப்பார்கள். அதில் ஒருவர் யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதிந்தால் மிச்ச 49 பேருக்கும் உரிமைக் கோரல் வரும், நீங்கள் பதிந்தால் நீங்கள் அந்த ஒருவர். வெளியீட்டுத் தளத்தில் பாட்டை ஏற்றும்போது அந்தப் பெட்டியைச் சும்மா அழுத்திவிடாதீர்கள்.

'இலாப நோக்கில்லாவிட்டால் இலவசம்' என்று போட்டிருக்கும் பீட்டை ஸ்பொட்டிஃபையில் போட்டால் அது இலவசத்துக்குள் அடங்காது. லீஸ் பத்திரம், பணம் கட்டின ரசீது இரண்டையும் மின்னஞ்சலில் தனிக் கோப்பில் வைத்திருங்க. கோரல் வந்த அன்றைக்குத் தேடினால் கிடைக்காது.

கடைசிவாங்கு
பழைய தமிழ்ப் பாட்டில நாலு செக்கன் வெட்டி லூப் போட்டா? ஏழு செக்கனுக்குக் குறைஞ்சா பிரச்சினை இல்லை எண்டு சொல்லுறாங்களே.

கடதாசி
அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு செக்கன் என்றாலும் இரண்டு அனுமதி வேணும், மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி மெட்டின் உரிமை ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரை. திரும்ப வாசித்து எடுத்தால் ஒலிப்பதிவு உரிமை விலகும், மெட்டின் உரிமை விலகாது. அமெரிக்காவிலேயே 1991இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்போடு சும்மா வெட்டி ஒட்டுகிற காலம் முடிந்துவிட்டது.

எண்ணூற்றெட்டு
லூப்பை விட்டால் செத்துப்போவோம் எண்டு இல்லை. பறை, உடுக்கு, றபான் (ஒரு பக்கத் தோல் மேளம்), பப்பரே (கிரிக்கெட் மட்சில அடிக்கிற பாண்ட் இசை) ட்ரம்பெட், ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லாத சத்தம் இந்த ஊரில நிறைய. வாசிக்கிற ஆளுக்குக் காசைக் குடுத்து, கடதாசி சொன்ன மாதிரி ஒரு தாளும் எழுதி, நீங்களே பதிஞ்சு, நீங்களே வெட்டுங்கோ. தவில், பறை எண்டா மைக்கைத் தோலுக்குக் கிட்டக் கொண்டு போக வேண்டாம், ஒரு மீற்றர் தள்ளி, கொஞ்சம் சரிச்சு. அடியின்ர முதல் மில்லிசெக்கன் சத்த மீற்றரை உடைக்கும், அதால −18 டெசிபெல் அளவில வையுங்கோ.

பக்கக் கதை ஒண்டு. 1987இல வந்த எஸ்பி-1200 எண்ட, சத்தத்தைப் பதிஞ்சு வெட்டி ஒட்டுற மெசினில மொத்தமே 10 செக்கன் சத்தம்தான் பிடிக்கும், 12 பிட். அதை மிச்சம் பிடிக்க நிமிசத்துக்கு 33 தரம் சுத்துற இசைத்தட்டை 45 தரம் சுத்தவிட்டுப் பதிஞ்சு, பிறகு மெசினுக்குள்ள வேகத்தைக் குறைச்சினம். அப்பிடிக் குறைக்கேக்க வந்த கரகரப்புத்தான் இண்டைக்கு எல்லாரும் 'பழைய நியூயோர்க் சத்தம்' எண்டு காசு குடுத்து வாங்கிற ப்ளக்இன் (மென்பொருள் துணைக்கருவி).

மாத்திரைக்கணக்கு
எல்லோரும் மைக்கிலும் கடதாசியிலும் நிற்கிறீர்கள். வரி எழுதி முடிந்தது என்று தம்பி சொல்கிறார். எழுதி முடிந்ததா, எண்ணி முடிந்ததா?

90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) பீட்டில் ஒரு பார் (நாலு அடி கொண்ட ஒரு சுற்று) 2.67 செக்கன். நாலு அடி, அடிக்கு நாலு துண்டு, மொத்தம் 16 கட்டம். செக்கனுக்கு 6 கட்டம். தமிழில் குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு, ஒற்று ஏறின குறிலுக்கும் இரண்டு. இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை, ஆனால் வாயில் 'கட்' என்று மூடித் திறக்க முழுக் கட்டம் போகும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஆங்கில ராப்பைக் கேட்டு அதே எண்ணிக்கை எழுத்தைத் திணித்தால் நெடில் எல்லாம் குறிலாக நசியும். 'காலம்' 'கலம்' ஆகும், 'பாடம்' 'படம்' ஆகும். 'தமிழ் ராப் ஒண்டும் விளங்குதில்லை' என்று வீட்டில் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், வேகம் இல்லை.

உதாரணத்துக்கு ஒரு வரி:

*காலி ரோட்டில கண்ணாடிக் கட்டடம்*

எண்ணுங்கள். கா 2, லி 1, ரோட் 2, டி 1, ல 1, கண் 2, ணா 2, டிக் 2, கட் 2, ட 1, டம் 2. மொத்தம் 18. பாரில் 16தான். இரண்டு கூட, மூச்சுக்கும் இடமில்லை. இதையே,

*காலி ரோட்டில கண்ணாடி மாடி*
*நாலு பேருக்கு வாடகை கூடி*

என்று மாற்றினால் முதல் வரி 15, இரண்டாவதும் 15 (வாடகையின் கடைசி 'கை' ஐகாரக் குறுக்கம், ஒரு கட்டம்தான்). ஒரு கட்டம் மூச்சுக்கு. காலி, நாலு எதுகை, மாடி, கூடி இயைபு. பாரின் தலையிலும் வாலிலும் ஆணி அடித்தாயிற்று.

எதுகை ஏன் முக்கியம்? தமிழில் கடைசி ஓசை ஒத்துவருவது பாட்டெழுதுபவரின் வேலையே இல்லை, வினைமுற்று தானாகச் செய்து தரும். வந்தேன், நின்றேன், வென்றேன் என்று நூறு வரி தூக்கத்தில் எழுதலாம். அதை ரைம் என்று எண்ணினால் காது இரண்டாவது பாரிலேயே களைக்கும். தலையில் எதுகை, நடுவில் மோனை, கடைசியை வேண்டுமென்றே ஒவ்வாமல் விடுவது: அப்போதுதான் கேட்கிறவர் அடுத்த வரிக்குக் காத்திருப்பார்.

இன்னொன்று. பைலாவோ பப்பரேயோ அடியில் வைக்கிற எண்ணம் இருந்தால் அது ஆறு-எட்டுத் தாளம், திஸ்ர நடை. தகிட தகிட. தகதிமி (நாலு நாலாகப் போகும்) நடையில் எழுதின வரியை அதன்மேல் அப்படியே போட்டால் ஒவ்வொரு மூன்றாவது சொல்லும் அடி தவறி விழும். வரியை மூன்று மூன்றாகப் பிரித்துத் திரும்ப எழுத வேணும்.

கடைசிவாங்கு
ஐயோ, இது தமிழ்ப் பாட வகுப்பு மாதிரி இருக்கு. இவ்வளவு எண்ணி எழுதினதை யார் கேக்கப் போறாங்க? தமிழ் எப்.எம் எல்லாத்திலயும் சென்னைப் படப் பாட்டுத்தானே.

மாத்திரைக்கணக்கு
கேட்கிறவர்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படப் பாட்டில் கதாநாயகனுக்கு ஏற்ற சொல் மட்டும்தான் நுழையும். வாடகை, தண்ணீர்ப் பட்டியல், 'எண்டு', 'கதைக்கிறது', 154 பஸ், இதெல்லாம் அங்கே வராது. அதைக் கேட்க வருகிறவர் வேறு எங்கேயும் போக முடியாது, அதுதான் இந்த இசையின் இழுவை. 2006இல் மலேசியாவில் யோகி பி குழுவும் கொழும்பிலிருந்து கிரிஷான் மகேசனும் படத்தின் துணையில்லாமல் ராப் தொகுப்பு வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் ஸ்பொட்டிஃபை சேவை தொடங்கவே இல்லை.

எண்ணூற்றெட்டு
நியூயோர்க்கில 1990 தொடக்கம் 1998 வரை ஸ்ட்ரெச், பொபிட்டோ எண்ட இரண்டு பேர் ஒரு பல்கலைக்கழக வானொலியில (கொழும்பு இல்லை, கொலம்பியா) நடுச்சாமத்தில நடத்தின நிகழ்ச்சியில, ஒப்பந்தம் இல்லாத ஆக்கள் கொண்டுவந்த கசெட் எல்லாம் ஓடினது. விடியக்காலம் கேட்டவையில கனபேர் அதைப் பதிஞ்சு வைச்சினம்.

கொட்டாஞ்சேனை13
உச்சரிப்பையும் சொல்லுங்க அண்ணே. நம்ம பொடியன்க மைக்கு முன்னால நின்னவுடனே சென்னைக்காரன் ஆகிடுறாங்க. பேசுறது 'இல்ல மச்சான்', பாடுறது 'இல்ல ப்ரோ, வேற லெவல்'. கேக்கிறவனுக்கு ரெண்டு செக்கன்ல தெரிஞ்சிடும். இதுல நான் மாத்திரை அண்ணன் பக்கம். வீடியோல மட்டும் இன்னும் என் பக்கம்.

எண்ணூற்றெட்டு
மிக்ஸிங். லீஸ் பீட் இரண்டு சனல் கோப்பா வரும், அதுவும் ஏற்கனவே பிழிஞ்சு உச்சத்தில நிக்கும். அதுக்கு மேல குரலைத் தூக்கினா இரண்டும் உடையும். முதல் வேலை பீட்டை 6 டெசிபெல் இறக்கிறது. பிறகு பீட்டில 2,000 தொடக்கம் 4,000 ஹேர்ட்ஸ் வரை 2, 3 டெசிபெல் பள்ளம், குரல் வரேக்க மட்டும் அந்தப் பள்ளம் விழுற மாதிரி சைட்செயின் போட்டா இன்னும் நல்லம். குரலுக்கு கம்ப்ரெசர் (கூடின சத்தத்தை அமத்திற கருவி) 4:1, ஆகச் சத்தமான சொல்லில 6 டெசிபெல் குறைஞ்சாக் காணும். அதுக்குப் பிறகு 'ச' ஓசையைக் குறைக்கிற டி-எஸ்ஸர், 5,000இலிருந்து 8,000க்குள்ள தேடுங்கோ. டபுளிங் (அதே சொல்லை இரண்டாம் தரம் பாடி மேல அடுக்கிறது) வரி முழுக்கப் போட வேண்டாம், எதுகைச் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் மட்டும்.

பதியேக்க பஃபர் (லப்டொப் ஒரு தடவையில சேர்த்து எடுக்கிற ஒலி அளவு) 128இல வையுங்கோ, ஒரு வழிக்கு 2.7 மில்லிசெக்கன்தான் தாமதம். 1024இல விட்டால் போக 21, வர 21. 90 பிபிஎம்மில ஒரு கட்டம் 167 மில்லிசெக்கன், அதில கால் பங்கு பிந்திக் காதில விழும். பாடுற ஆள் தன்னையறியாமல் இழுபடுவார், பிறகு 'ஃப்ளோ சரியில்லை' எண்டு ஆளில பழி. இன்டர்ஃபேஸில டிரெக்ட் மொனிட்டர் (லப்டொப்புக்குப் போகாமல் குரலை நேரா காதுக்கு விடுற) குமிழ் இருந்தா அதைப் பாவிச்சா இந்தக் கரைச்சலே இல்லை.

முடிச்சிட்டு நல்ல ஸ்பீக்கரில கேட்டு மயங்காமல் ஃபோனிலயும் த்ரீவீலரிலயும் கேளுங்கோ. ஃபோன் ஸ்பீக்கரில 200 ஹேர்ட்ஸுக்குக் கீழ ஒண்டும் இல்லை, 808 பேஸ் (ட்ரம் மெசின் அடிச்சத்தம்) காணாமல் போகும். அதுக்கு பேஸைக் கூட்ட வேண்டாம், கொஞ்சம் சச்சுரேஷன் (லேசான கரகரப்பு) போட்டா மேல்சுரங்கள் பிறந்து சின்ன ஸ்பீக்கரிலயும் கேக்கும். ஸ்பொட்டிஃபை, யூடியூப் எல்லாம் −14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின்ர சராசரிச் சத்தம்) அளவுக்கு இறக்கிப் போடும். அதால −6க்குப் பிழியிற போட்டி வீண். உச்சம் −1இல நிப்பாட்டுங்கோ.

கடதாசி
வெளியீட்டில் கவனிக்க வேண்டியவை. வருடச் சந்தா எடுக்கிற தளங்களில் சந்தா நின்றால் பாட்டும் போய்விடும். ஒருதரம் பணம் கட்டுகிற தளங்கள் தொடக்கத்தில் விலை கூட. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாக வரும் பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஆர்சி இலக்கத்தை எழுதி வைத்திருங்க. தளம் மாறினால் அதே இலக்கத்தோடு ஏற்றினால்தான் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூட வரும். வெளியீட்டுத் திகதிக்கு மூன்று, நாலு கிழமை முன்னர் ஏற்றுங்க, ஸ்பொட்டிஃபை ப்ளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் வேணும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல்.

பெயர். சனம் தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில். 'ழ' வருகிற கலைஞர் பெயர் வைத்தால் நாலு விதமாக எழுதுவார்கள், ஒன்றும் உங்களிடம் கொண்டு வராது.

வருமானத்தை நம்பிச் செலவு செய்யாதீங்க. 2024 தொடக்கம் ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்துக்குள் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்குப் பணமே இல்லை. 30 செக்கன் கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். ஆகவே அரை நிமிட முன்னிசை வைக்கிற ஆசையை விடுங்க, எட்டாவது செக்கனுக்குள் குரல் வர வேணும். பேண்ட்கேம்ப் (கலைஞர் நேரடியாகப் பாட்டு விற்கும் தளம்) டிஜிட்டல் விற்பனையில் 15 வீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுத்து மிச்சத்தைத் தரும், கணக்கில் அது நல்லது, ஆனால் அது பேபால் வழி. விற்கத் தொடங்க முதல் அந்தப் பணம் இலங்கைக் கணக்குக்கு வந்து சேரும் வழியை உறுதிசெய்யுங்க.

கொட்டாஞ்சேனை13
மேடைக்கு ஒண்ணு மட்டும். மைக்கோட வலைப்பந்தைக் கையால பொத்திப் பிடிக்காதீங்க. ஸ்டைலா இருக்கும், ஆனா பின்பக்கத் துவாரம் அடைபட்டா மைக் எல்லாப் பக்கமும் கேக்கத் தொடங்கும், மொனிட்டர் (பாடுறவருக்குக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர்) சத்தம் உள்ள போய் ஊளையிடும். உடம்பைப் பிடிங்க. முழுப் பாட்டைப் பின்னால ஓடவிட்டு மேல கத்துறதும் வேணாம். முன்குரல் இல்லாத, ஹூக்கும் (திரும்பத் திரும்ப வர்ற பல்லவி) டபுளும் மட்டும் உள்ள கோப்பு ஒண்ணு மிக்ஸ் பண்றப்பவே தனியா எடுத்து வைங்க. கூட ஒரு ஆள் இரண்டாவது மைக்ல கடைசிச் சொல்லை மட்டும் பிடிச்சா உங்களுக்கு மூச்சு வரும்.

வெளியிடத்துல செய்றதுன்னா பொலிஸ் ஒலிபெருக்கி அனுமதி முதல்லயே எடுங்க. 2007 உச்ச நீதிமன்றக் கட்டளைப்படி இரவு 10 தொடக்கம் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. 9.30க்கு கடைசிப் பாட்டுன்னு எழுதினாத்தான் 10க்கு முடியும். டிக்கட் விக்கிறதுன்னா மாநகர சபைக் கேளிக்கை வரி இருக்கு.

ஆறுபாட்டு
எல்லாருக்கும் நன்றி. கணக்கு இப்பிடி: நாலு பாட்டு. பாவிச்ச எஸ்எம்58 25,000 (தராசோட போறன்). ஸ்டாண்ட், கேபிள், பொப் ஃபில்டர் 6,000. வேவ் லீஸ் இரண்டு, 18,000. பங்குக்கு இரண்டு பீட், ஒரு பக்கத் தாளோட. வெளியீடு 7,500. மிச்சம் 3,500, அதில வீடியோ எண்டா ஃபோன்தான், கொட்டாஞ்சேனை அண்ணை மன்னிக்கோணும். வரி எல்லாம் கட்டம் போட்ட கொப்பியில திரும்ப எண்ணுப்படுது, முதல் பாட்டில மட்டும் 11 வரி 16ஐத் தாண்டுது. ஒரு கேள்வி: ரயில் சத்தத்துக்கு என்ன செய்யிறது?

கொட்டாஞ்சேனை13
3,500க்கு லைட் ஒண்ணு வாங்குங்க, அது போதும். வெயில் சாயிற நேரம் மொட்டை மாடி.

தும்புமெத்தை
ரயிலுக்கு மருந்து இல்லை, நேரம்தான். கடைசி ரயில் போனாப் பிறகு எடுங்கோ. எடுக்கேக்க லப்டொப் சார்ஜரைக் கழட்டி பற்றரியில விடுங்கோ, 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் நிக்கும். மெத்தையை அறைக்குள்ள கொண்டுவர முதல் இரண்டு நாள் மொட்டை மாடியில காயப் போடுங்கோ. பழைய தும்புக்குள்ள மூட்டைப்பூச்சி இருந்தா மைக்குக்கு முன்னால ஆள் நிக்கேலாது.